ஐந்து எம்பிக்குள் ஒரு குளம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவை எல்லாம் பெருக்குவதற்கான சாமான்கள். உரம் விளைச்சலைப் பெருக்கியது. ஒலிபெருக்கி சத்தத்தைப் பெருக்கியது. கூட்டங்கள் கூட்டங்களைப் பெருக்கின. இனிச் சுருக்குவதுதான் நாகரிகம் என்ற பேருண்மையை உலகுக்கு அறிவிக்கும் பாக்கியம், கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம், சீமெந்துக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் ‘வயல்வெளி மென்பொருள் நிலைய’த்துக்குத்தான் கிடைத்தது. அந்தப் பெருமையில் அங்கே கோட் எழுதுகிற நிரோஜாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை யாராவது வந்து வாங்கிக்கொண்டு போனால் புண்ணியமாய் இருக்கும் என்று அவள் நினைக்கத் தொடங்கியது பிறகுதான்.

நிலையம் பெற்றெடுத்த பிள்ளையின் பெயர் ‘தண்ணீர்த் தகவல்’. அது கமக்காரருக்கான, அதாவது விவசாயிகளுக்கான, போன் செயலி. மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரேயடியாகக் காணாது. வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்து விடுவார்கள். தன் முறை வரும்போது கமக்காரர் வயலில் நின்று மடையைத் திறக்கவேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் யாருக்கும் கோபமில்லாமல் கழிவாய்க்காலுக்குப் போய்விடும்.

இந்த முறையை அறிவிக்கும் வேலையை முன்பு ஊர் ஆளான ராசு பார்த்தார். முதல்நாள் பின்னேரம் சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் வரம்போடு போய், “விடியத் தண்ணி வருது, மடையைப் பாருங்கோ” என்று கத்திக்கொண்டே கடைசி வயல்வரை போவார். இது ‘காலாவதியான தொழில்நுட்பம்’ என்று நிலையத்தின் பணிப்பாளர் பரமேஸ்வரன் கண்டறிந்தார். ஆனால் நிலையம் இரக்கமுள்ளது. ராசுவைக் கைவிடவில்லை, தன் ‘கள ஒருங்கிணைப்பாளர்’ ஆக்கி, மேல்மாடியில் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார ஒரு கதிரை கொடுத்தது. களத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு வந்துவிட்டதால் அவருக்குக் களத்துக்குப் போக நேரமில்லாமல் போயிற்று.

செயலி பிறந்ததும் ஒரு சிக்கல் வந்தது. உதவி வழங்கும் வெளிநாட்டு நிறுவனம், செயலி ஐந்து எம்பிக்குள், அதாவது ஐந்து மெகாபைட்டுக்குள், அடங்கவேண்டும் என்று எழுதியிருந்தது. கமக்காரரின் போன்கள் பழையவை. இருக்கிற இடத்தையும் கலியாண வீட்டு வீடியோக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. நிலையத்தின் செயலியோ அதைப்போல் இரண்டு மடங்கு கொழுத்திருந்தது. அப்போதுதான் நிரோஜா ‘சுருக்கி’யை இறக்கினாள்.

சுருக்கி என்பது ஒரு மென்பொருள் கருவி. மனிதர் எழுதும் கோட், போனுக்குப் போகும் முன் பைட்கோட் என்ற மாவாக அரைபடுகிறது அல்லவா. இந்தக் கருவி அந்த மாவைச் சல்லடைபோல அரிக்கும். வாசலில் தொடங்கி, எந்தப் பகுதி எந்தப் பகுதியை வேலைக்கு அழைக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகும். ஒருவரும் அழைக்காத பகுதியை வெட்டி எறியும். சின்னப் பகுதிகளைப் பெரிய பகுதிக்குள் கரைக்கும். மிஞ்சுகிறவற்றின் நீண்ட பெயர்களை எடுத்துவிட்டு ஒற்றை எழுத்துப் பெயர் வைக்கும். எதை வெட்டக்கூடாது என்று அதற்கென்றுள்ள கோப்பில் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவைத்தால், அதை மட்டும் தொடாது.

இதை நிரோஜா விளக்கியபோது பரமேஸ்வரனின் முகம் மலர்ந்தது. “சின்னப் பள்ளிக்கூடங்களை மூடிப் பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்க்கிறது மாதிரி,” என்றார். “நல்ல விசயம் பிள்ளை. எத்தினை தரம் அரிக்கும்?”

“நாங்கள் சொல்லுற அளவுக்கு சேர்.”

“அப்ப கூடின அளவைப் போடுங்கோ. நாங்கள் ஆருக்குக் குறைஞ்சனாங்கள்?”

சுருக்கியின் அமைப்புகளைத் தீர்மானிக்கக் கூட்டம் கூடியது. வெட்டக்கூடாதவை எவை என்பது முதலாவது விடயம். செயலியைத் திறந்ததும் பணிப்பாளரின் படம் ஒன்று தோன்றும். வெள்ளை நீளக்கைச் சட்டையும், பின்னால் நிறை குளமுமாக. முன்பு ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது, நேரடியாக அழைக்கப்படாத அந்தப் படம் சுருக்கியின் கண்ணுக்கு ஒருவருக்கும் தேவைப்படாத பொருளாகத் தெரிந்திருந்தது. கருவியின் இந்தப் பார்வைக் குறைபாட்டைத் திருத்த, ‘இதை வைத்திரு’ என்று முதல் வரியை நிரோஜா உடனேயே எழுதவேண்டியதாயிற்று.

பிறகு அவள் தயங்கித் தயங்கி இன்னொரு விடயத்தை எடுத்தாள். ஒவ்வொரு வாய்க்காலின் முறையையும் சொல்வதற்குத் தனித்தனிப் பகுதி இருக்கிறது. ஒரு கமக்காரர் தன் காணி இலக்கத்தைப் போட்ட பிறகுதான் எந்த வாய்க்கால் என்று தெரிந்து, அந்தப் பகுதியைப் பெயர் சொல்லிச் செயலி எழுப்பும். முன்கூட்டியே பார்க்கிற சுருக்கிக்கு இது தெரியாது. ஆகவே வாய்க்கால்களுக்கும் ‘வைத்திரு’ வரி எழுதினால் நல்லது.

“எழுதினா பாரம் ஏறுமோ?”

“ஏறும் சேர். ஐஞ்சைத் தாண்டும்.”

பரமேஸ்வரன் பேனையை மூடினார். “ஒரு வாய்க்காலுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பினம். தேவையானது தானா நிக்கும் பிள்ளை. நம்பிக்கை வையுங்கோ.”

சுருக்கி ஓடியது. ஓடும்போது, இந்தப் பகுதியைக் காணவில்லை, அந்தப் பெயர் எங்கே என்று மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகளைத் திரை நிறையக் கொட்டியது. பரமேஸ்வரன் அதைப் பார்த்துச் சங்கடப்பட்டார். வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கருவியில் அதற்கும் ஒரு வசதி உண்டு. ‘எச்சரிக்காதே’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினார்கள். அடுத்த முறை சுருக்கி ஒரு சொல் பேசாமல் வேலையை முடித்தது. அலுவலகத்தில் அப்படியொரு ஒற்றுமை அதற்கு முன் நிலவியதில்லை.

சோதித்துப் பார்க்கும் பொறுப்பு முல்லைத்தீவிலிருந்து வந்து வேலை செய்யும் நவ்பருடையது. சோதிக்கக் காணி இலக்கம் வேண்டும். யாரும் தங்கள் காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வருவதில்லை. பணிப்பாளரின் காணி இலக்கம் மட்டும் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அனுமதிப்பத்திரத்தில் இருந்தது. நவ்பரும் அதையே போட்டான், மற்றவர்களும் அதையே போட்டார்கள், செய்து காட்டிய கூட்டத்திலும் அதுவே போடப்பட்டது. அந்தக் காணி முதலாம் வாய்க்காலின் தலைப்பில், குளக்கட்டுக்கு அடுத்தாற்போல் கிடக்கிறது. அந்த வாய்க்காலை மட்டும் செயலி திறந்ததும் மாதிரிக்குக் காட்டும்படி நிரோஜா நேரடியாகவே எழுதியிருந்தாள். அதனால் சுருக்கி அதை விட்டுவைத்திருந்தது.

“சேர்ட காணிக்குத் தண்ணி வந்திட்டு,” என்றான் நவ்பர். “அப்ப எல்லாருக்கும் வந்த கணக்குத்தானே.”

நிரோஜாவும் தன் போனில் பார்த்தாள். அவளுடைய தாய் இராசமலருக்கு உருத்திரபுரத்தில், கடைசி வாய்க்காலின் கடைசி மடையில் வயல். அந்த இலக்கத்தைப் போட்டாள். முறை அழகாகக் காட்டியது. அவளுடைய போனில் இருந்தது சுருக்காத பழைய பதிப்பு என்பது அந்தச் சந்தோசத்தில் நினைவுக்கு வரவில்லை.

வெளியீட்டு விழா சிறப்பாக நடந்தது. ஐந்து எம்பிக்கும் கீழே இறங்கிய சாதனையைப் பாராட்டிப் பணிப்பாளருக்கு மாலை விழுந்தது. அடுத்த நாள் விடியக் கடைசி வாய்க்காலுக்கு முறை. அதை நினைவில் வைத்திருந்த ஒரேயொருவரான ராசு, விழாவில் வடைத் தட்டோடு நின்றார். அறிவிப்பது இனிச் செயலியின் வேலை. ஒருங்கிணைப்பாளர் குறுக்கே விழக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

தண்ணீர் வந்தது. கடைசி வாய்க்காலில் ஒரு மடையும் திறக்கவில்லை. தண்ணீர் போனது.

இரண்டு நாள் கழித்து இராசமலர் மேல்மாடிப் படியேறி வந்தா. வயல் வெடித்துக் கிடந்தது. கதிர் பால்பிடிக்கிற நேரம். அடுத்த முறையும் தவறினால் முழுவதும் அரிசியில்லாத சப்பிதான், வெட்டுக்கூலிக்கும் காணாது. மகளிடம் சொன்னால் மகளுக்கு வேலையிடத்தில் கரைச்சல் என்று நேரே பணிப்பாளரின் மேசைக்கே போனா. பரமேஸ்வரன் எழும்பிக் கதிரை கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“அம்மா, உங்கட குறையை, முறைப்பாட்டை வாயால சொல்லக்கூடாது. செயலியில முறைப்பாட்டுப் பொத்தான் இருக்கு. அதை அமத்தி எழுதுங்கோ.”

“அமத்தினனான் தம்பி. ஒண்டும் திறக்குதில்லை.”

“திறக்காட்டி?”

“திறக்காட்டி எங்க எழுதுறது?”

பரமேஸ்வரன் நிரோஜாவைப் பார்த்தார். நிரோஜா திரையைப் பார்த்தாள். முறைப்பாட்டுப் பகுதியும் பெயர் சொல்லி எழுப்பப்படுவதுதான். அதையும் சுருக்கி வெட்டியிருந்தது. பொத்தான் மட்டும் வாசலில் நின்றது.

“பாருங்கோ,” என்றார் பணிப்பாளர், உண்மையான மகிழ்ச்சியோடு. “இண்டைவரைக்கும் ஒரு முறைப்பாடுகூட வரேல்லை எண்டு அறிக்கையில எழுதியிருக்கிறம். அது பிழையில்லை.”

இராசமலர் மகளைத் திரும்பிப் பார்த்தா. திட்டவில்லை. “உனக்குப் படிக்கக் குடுத்தது இதுக்கோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினா.

அன்றைக்கு நிரோஜா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எல்லா வாய்க்கால்களுக்கும் முறைப்பாட்டுக்கும் ‘வைத்திரு’ என்று எழுதி மறுபடியும் சுருக்கினாள். செயலி ஐந்தைக் கொஞ்சம் தாண்டியது. எது இவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தேடினாள். அத்தனை வாய்க்கால்களையும் சேர்த்தால் வருகிற பாரத்தைவிட, வெள்ளைச் சட்டையின் பாரம் கூடுதல். அவள் போய்ப் பணிப்பாளரிடம், படத்தை மட்டும் எடுத்துவிட்டால் எல்லோரும் உள்ளே வரலாம் என்று சொன்னாள். கொஞ்சம் சின்னதாக்கினாலும் போதும்.

பரமேஸ்வரன் மறுபடியும் பேனையை மூடினார். சனங்களுக்கு முதலில் ஒரு பொறுப்பான முகம் தெரியவேண்டும் என்றார். முகம் சிறுத்தால் பொறுப்பும் சிறுக்கும் என்றார். கூட்டம் கூடியது. படம் இருக்கட்டும், வாய்க்கால்கள் ‘அடுத்த பதிப்பில் சாதகமாகப் பரிசீலிக்கப்படும்’ என்று தீர்மானமாயிற்று.

“அடுத்த முறை நாளைக்கு விடிய சேர்,” என்றாள் நிரோஜா. அவள் குரல் உயரவில்லை, ஆனால் அடங்கவும் இல்லை. “சனத்துக்கு ஆர் சொல்லுறது?”

எல்லோருடைய பார்வையும் காற்றாடிக்குக் கீழே போயிற்று. ராசு கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“நான் இப்ப ஒருங்கிணைப்பாளர்,” என்றார். “வெயிலுக்குள்ள திரியேலாது.”

“ராசு அண்ணை,” என்றாள் நிரோஜா. “அம்மான்ர வயலும் அங்கதான்.”

ராசு ஒருமுறை காற்றாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையில் மோட்டார் சைக்கிளின் திறப்பைத் தேடினார்.

அன்று பின்னேரம் சைலன்சர் இல்லாத அந்தச் சத்தம் கடைசி வாய்க்கால் வரம்புவரை போனது. விடிய மடைகள் திறந்திருந்தன. இராசமலரின் கதிர் பால்பிடித்தது. பாதிதான், ஆனாலும் பிடித்தது.

ஆண்டறிக்கை வெளியானபோது அதில் இப்படி இருந்தது: செயலி ஐந்து எம்பிக்குள் அடக்கம். முறைப்பாடுகள், இல்லை. புதிய வசதி, ‘குரல்வழி அறிவித்தல்’. இதனால் செயலிக்கு ஏறிய பாரம், பூச்சியம். உதவி நிறுவனம் வியந்துபோய்ப் புதிய வசதியின் படம் ஒன்று கேட்டது. பணிப்பாளரின் படம் அனுப்பிவைக்கப்பட்டது.

சுருக்கியில் ஒரு பிழையும் இல்லை என்று நிரோஜா இன்றைக்கும் யாரோடும் வாதாடத் தயார். வைத்திரு என்று சொன்ன எதையும் அது எறிந்ததில்லை. ஒரு குளத்தையும் அதன் வாய்க்கால்களையும் கடைசி மடைவரை உள்ள சனத்தையும் அதன் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிலையம் அதனிடம் வைத்திரு என்று சொன்னது ஒரு முகத்தை மட்டும்தான்.