சரக்கில்லாத கடை

கண்ணுங்களா, விற்க ஒரு பொருளும் இல்லாமல், ஒரு நாள்கூட லீவு விடாமல், வருஷம் முழுக்கக் கடை நடத்திய மனுசர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலைமேல் நம் வாழவந்தி நாட்டில் இருந்தார். தராசுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

யுத்த காலம் அது. ரயிலெல்லாம் பட்டாளத்துக்கு ஓடியதால் அடிவாரத்துக்கே உப்பு சரியாக வரவில்லை. மலைக்கு எங்கே வரும்? ரோடும் கிடையாது, எல்லாம் தலைச்சுமைதான். தராசுக்காரரோ விடிந்ததும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். தராசைத் துடைப்பார். அதற்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒரு கூழாங்கல்லை நிறுத்துப் பார்ப்பார். பிறகு உட்கார்ந்துவிடுவார்.

"ஏனுங்க, உப்பு இருக்குதுங்களா?"

"நாளைக்கு வாங்க சாமி."

"நேத்தும் இதையேதான சொன்னீங்க?"

"நேத்துச் சொன்னதை இன்னைக்கு மாத்திப் பேசற ஆளா நானு?"

சிறு கடைக்காரர்களுக்குச் சர்க்கார் பர்மிட்டில் உப்பு மூட்டை தருகிறது என்று தகவல் வந்தது. தராசுக்காரர் மனுப் போட்டார். பார்வையிட வந்த அதிகாரி, "சரக்கே இல்லாத எடத்தைக் கடைன்னு எப்படி எழுதறது?" என்றார். அடுத்த மாதம் வரும்போதும் இப்படியே இருந்தால் மனு தள்ளுபடி என்று சொல்லி இறங்கிப் போனார். அதுவும் போனால் ஊர் முழுக்க உப்பில்லாக் கஞ்சிதான்.

அப்போது யோசனை சொன்னது நான்தான்.

"ஊட்டுக்கு ஒரு சாமான் கொண்டாந்து கடையை ரொப்பிடலாங்க."

சாமை, மிளகு, தேன், பலாப்பழம், வாழைத்தார் எல்லாம் வந்தன. ஒருவர் உற்சாகத்தில் வெள்ளாட்டையே கொண்டுவந்து கட்டினார். அது உடனே வாழைத்தாரைத் தின்ன ஆரம்பித்தது.

அதிகாரி மூச்சு வாங்க ஏறி வந்தார். கடையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு சரக்கு வெச்சிக்கிட்டு சர்க்கார் உதவி எதுக்குய்யா?"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன்.

தராசுக்காரர் அசரவில்லை. "மலையேறி வந்திருக்கீங்க. மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. அதிகாரி ஒரு கவளம் வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"உப்புப் போட மறந்துட்டாங்க போல. கொஞ்சம் குடுங்க."

"நாளைக்கு வாங்க சாமி," என்றார் தராசுக்காரர். கேலியாக இல்லை. ஒரு வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

அதிகாரி எங்கள் முகங்களைப் பார்த்தார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உப்பு மூட்டை மலையேறிய அன்று எனக்கு மட்டும் ஒரு பிடி அதிகம் விழுந்தது. "யோசனைக்காரருக்கு," என்றார் தராசுக்காரர், சிரிக்காமல்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் காலமானார். கடை மூடிக் கிடந்தது. ஒரு நாள் விடியற்காலையில் நான் மட்டும் போய்ப் பலகைகளைக் கழற்றினேன். தராசைத் துடைத்து, கூழாங்கல்லை நிறுத்துப் பார்த்துவிட்டு, அவர் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்திருந்தால், நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன்.