கிளி போட்ட உறை

செவ்வாய் ஏழாம் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நேரத்தில், தாணுமாலையனின் கம்ப்யூட்டர் அன்றைக்கு மூன்றாவது தடவையாக அணைந்துபோனது. அணைவதற்கு முன் பஸ் மேடேறுகிற மாதிரி ஓர் இரைச்சல். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். தோசை வார்க்கலாம் போலிருந்தது.

அவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. சாயங்காலமும் விடுமுறை நாட்களிலும் வீட்டில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுப்பார். தொண்ணூற்றாறில் பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். சித்திரை வெயிலில் மனிதர்களே சுருண்டு விழும்போது பெட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் உண்மையான காரணம் அவருக்குத் தெரியும். அது அதன்மேல் கிடந்த உறை.

நீலத் துணி, ஓரமெல்லாம் சரிகை, முன்பக்கம் தூக்கிவிடும் திரையில் இரண்டு பச்சைக் கிளிகள். மனைவி கோமு தைத்தது. பெட்டியையும் மேலிருந்த மானிட்டரையும் சேர்த்து மூடி, பின்னால் காற்றாடியின் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தது.

கழற்றி வைக்க வேண்டியதுதானே என்பவர்களுக்கு அந்த வீட்டின் சரித்திரம் தெரியாது. ஜன்னலோர வெளிச்சத்தில் இருந்த கோமுவின் தையல் மிஷினை உள்ளே இருட்டறைக்குத் தள்ளிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அங்கே குடியேறியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோமு சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அவள் பேச்சை அளந்துவிட்டாள். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது, தண்ணீர் வந்துவிட்டது, இவ்வளவுதான். இருபது நாள்.

இருபத்தோராம் நாள் ஆபீஸ் விட்டு வந்தவர், கம்ப்யூட்டர் மேசையில் தேய்த்து மடித்திருந்த கிளி உறையைப் பார்த்தார். மிக்ஸிக்கு உறை உண்டு, ரேடியோவுக்கு உறை உண்டு. ஆக, கம்ப்யூட்டரையும் வீட்டுப் பொருளாகச் சேர்த்துக்கொண்டாள். அங்கேயே பிரித்து மாட்டினார். திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் கோமு.

"நல்லா தச்சிருக்கட்டீ," என்றார். கண் கலங்கியதை மறைக்கத் தெரியவில்லை.

கோமு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "காப்பி குடிக்கியளா?" என்றாள்.

அன்றைக்குத் திரும்பிய பேச்சு இன்றுவரை நிற்கவில்லை. அந்த உறையில் கை வைப்பதா?

முதலில், வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறியைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வைத்தார். ஓர் இரைச்சல் இரண்டானது. அச்சடித்த தாள்களும் பறந்தன. பொறுக்கி அடுக்கியதில், இருபது வயதுப் பெண்ணின் ஜாதகத்தில் ஓய்வூதியம் தாமதமாகும் என்று வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனார்.

அடுத்தது மண்பானை வழி. ஈரமணலில் பானை குளிரும்போது பெட்டி மட்டும் குளிராதா? பித்தளைத் தாம்பாளத்தில் ஆற்றுமணல் பரப்பி, நனைத்து, பெட்டியைத் தூக்கி வைத்தார். குளிர்ந்துவிட்டதா என்று தொட்டவருக்கு முழங்கை வரை ஷாக் அடித்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் அருமைநாயகத்தைக் கூப்பிட்டார். அவர் உட்காரக்கூட இல்லை.

"மொதல்ல இந்தத் துணியக் கழட்டும் வே. மூச்சு முட்டிக் கெடக்கு."

"பைய பேசும். அடுப்படியில ஆள் இருக்கு," என்றார் தாணுமாலையன்.

அருமைநாயகம் கிளிகளைப் பார்த்தார், தாணுமாலையனைப் பார்த்தார். அவரும் கல்யாணம் ஆனவர்தான். பெட்டிக்குள் இன்னொரு காற்றாடியை மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் உறை உப்பிக்கொண்டு கிளிகள் படபடத்தன. வாசலில் பால்காரர் கூப்பிட்டது இரைச்சலில் கேட்காமல் இரண்டு நாள் கருப்பட்டிக் காப்பிதான். கோமு நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு நடமாடினாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். உறையைக் கழற்றினால் அவள் மனசு உடையும். கழற்றாவிட்டால் தலை உடையும்.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். ஜாதகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கம்ப்யூட்டரை உறையோடு தூக்கிக்கொண்டுபோய் இருட்டறையில் வைத்தார். தையல் மிஷினை மூச்சிரைக்க இழுத்து ஜன்னலோரம் போட்டார். வீடு அமைதியாக இருந்தது.

அப்போது மகள் ஜாதகத்தை வாங்க எதிர்வீட்டுச் சண்முகசுந்தரி வந்தாள். இனிமேல் ஜாதகம் கிடையாது என்றார். ஏன் என்று கேட்டாள். யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"உங்க மதினி ஆசை ஆசையா உறை தச்சுப் போட்டிருக்கா. அதோட ஓட்டுனா பெட்டி வெந்துபோகுது. கழட்டுனா அவ மொகம் வாடிரும். எனக்குப் பெட்டி வேண்டாம்மா, அவ போதும்."

சண்முகசுந்தரி வாயில் வைத்த முந்தானையை எடுத்தாள்.

"அது எங்க டி.வி.க்கு அளவெடுத்துத் தச்சது, அண்ணாச்சி. நான் கேட்டு வரும்போதெல்லாம் மதினிதான், 'அவுக தனக்குன்னு நெனச்சு அம்புட்டு சந்தோசமா இருக்காவ, சொல்லிராத, அந்த எரைச்சல நான் தாங்கிக்கிடுதேன்'னு என்னைய வாசலோட அனுப்பிருதாவ."