எழில் மெஸ்ஸில் பொரியல் சீர்திருத்தம்

முட்டைக்கோஸ் பொரியல் தொடர்ந்து ஆறாவது நாளாக இலைக்கு வந்தபோது தவசிமுத்து கையை உயர்த்தினார். இருபது வருஷமாக மெஸ் சாப்பாடு சாப்பிடுகிறவர் கை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"எழிலு, தப்பா எடுத்துக்கக் கூடாது. ஊர்ல வேற காயே விளையலையா?"

எழில்மொழி கரண்டியோடு நின்றாள். தண்டையார்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே, தன் வீட்டு முன்கூடத்தில் நாலு மேசை போட்டு மெஸ் நடத்துகிறவள். சமையல் அவள். எடுபிடி அவள் புருஷன் செங்குட்டுவன்.

"நீயே சொல்லு சார், இன்னா போடலாம்?"

அவள் எரிச்சலில்தான் கேட்டாள். ஆனால் தவசிமுத்துவிடம் ஒருவர் "நீயே சொல்லு" என்று கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் கேட்பாரில்லாமல் நின்றுவிட்டது. அறையில் அவரோடு பேசுவது ரேடியோ மட்டும். அதுவும் அவர் சொல்வதைக் கேட்காது.

மறுநாள், வெட்ட முடியே இல்லாத தலையோடு சலூனுக்குப் போனார். பழைய வாரப் பத்திரிகைகளில் சமையல் பக்கங்களாகப் பார்த்துக் கிழித்துக்கொண்டு வந்தார்.

முதலில் வாழைத்தண்டு. முப்பது பேருக்குத் தண்டு நறுக்கி நார் எடுக்க வேண்டும். அந்த வேலையை எழில்மொழி செங்குட்டுவனிடம் கொடுத்தாள். அன்றைக்கு டிவியில் கிரிக்கெட். முதல் பத்து ஓவர் வரை நார் ஒழுங்காக வந்தது.

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டும் சவரிநாதன் தன் பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

"இன்னாம்மா இது? பொரியலா, கப்பல் கட்ற கயிறா?"

"தவசி சார் சொன்னாரு" என்றான் செங்குட்டுவன்.

முப்பது தலைகள் தவசிமுத்துவின் பக்கம் திரும்பின. இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்ததே இல்லை. பயமாகவும் இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

"நாரே இல்லாத காய் போடுவோம்" என்றார்.

பீட்ரூட். தேங்காயும் பாசிப்பருப்பும் தூவிய பொரியல். எல்லோரும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தவசிமுத்து அன்று அறைக்கு நடந்து போகும்போது வாய்க்குள்ளேயே ஒரு மெட்டை முணுமுணுத்தார்.

மறுநாள் சாயங்காலம் சவரிநாதன் வாசலிலிருந்தே கத்தினார். "யோவ் சார்! காலீல பாத்ரூம் போனா ஒரே செவப்பு! பொண்டாட்டிகிட்ட புள்ளைங்கள பாத்துக்கன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரு நேத்து இன்னா துன்னேன்னு கேக்கறாரு. அங்க கீற நர்ஸுங்க எல்லாம் சிரிச்சுகினு கீறாங்க. ஒரு நாள் வேலை போச்சு!"

இன்னும் நாலு பேர், தாங்களும் அதே பயத்தில் காலையில் சாமி கும்பிட்டதாக ஒப்புக்கொண்டார்கள்.

கோபத்தை ஆற்ற இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது. பாகற்காயை வெல்லம் போட்டுப் புரட்டச் சொன்னார். "இனிப்பும் ஆச்சு, உடம்புக்கும் நல்லது." ஒரு வாய் வைத்த மூன்று பேர் சோற்றோடு இலையை அப்படியே மூடிவிட்டு எதிர்ப் பரோட்டாக் கடைக்குப் போனார்கள்.

"ஆளுங்க போறாங்க பாரு சார்" என்றாள் எழில்மொழி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"போறவங்க வருவாங்க எழிலு. நாளைக்குப் புடலங்காய்."

ஆனால் மறுநாள் கம்பெனி அவரை ஓசூர் கிளைக்கு அனுப்பிவிட்டது. ஸ்டாக் சரிபார்க்கும் வேலை, பதினைந்து நாள்.

ஓசூரில் ஒரு லாட்ஜ். கீழே ஒரு ஓட்டல். அங்கே சர்வர் அவரை "ஏழாம் நம்பர் ரூம்" என்று கூப்பிட்டான். ஒருநாள் எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றார். எல்லோரும் யாருக்கோ போன் செய்கிறார்களே என்றுதான் நின்றார். அவர் முறை வந்தபோது, சுழற்றுவதற்குத் தன்னிடம் ஒரு நம்பரும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. "மறந்துட்டேன்" என்று பூத்காரரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

திரும்பி வந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி, பையை அறையில்கூட வைக்காமல் நேராக மெஸ்ஸுக்குப் போனார். வாசலில் போர்டு இல்லை. உள்ளே மூன்று மேசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் ஏறியிருந்தன. நாலாவது மேசையில் எழில்மொழியும் செங்குட்டுவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை.

தவசிமுத்து பையைக் கீழே வைத்தார். பாகற்காய் இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சார், அது வந்து..." என்று எழில்மொழி எழுந்தாள்.

"ஒண்ணும் சொல்லாதே எழிலு. எனக்குப் புரியுது" என்றார் தவசிமுத்து. "பதினஞ்சு நாளா என் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்பிடலை. பஸ்ஸு பூந்தமல்லி தாண்டினதுலேர்ந்து இந்த மேசையைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழில்மொழி உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள்.

"குந்து சார். சோறு ஆறுது."

இலை இல்லை, எவர்சில்வர் தட்டு. இலை வாங்கக்கூட வியாபாரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மாதாமாதம் பணம் கட்டி வாங்கும் சாப்பாட்டு டோக்கனைக் கேட்டபோது செங்குட்டுவன் தலையைச் சொறிந்தான். "பிரஸ்ல அச்சாவுது சார். வரட்டும்." அடுத்த மாதமும் டோக்கன் அச்சாகிக்கொண்டே இருந்தது.

தான் கெடுத்ததைத் தானே சரிசெய்வது என்று தவசிமுத்து முடிவு செய்தார். நல்ல பொரியல் ஒன்று அமைந்துவிட்டால் வாசனை தெருக்கோடி வரை போகும், போனவர்கள் திரும்புவார்கள். தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது தானே காய் வாங்கி வந்தார். புடலங்காயை வளையமாக நறுக்கி மிளகு போட்டு வறுக்கச் சொன்னார். பூசணிக்காயில் எள்ளுப்பொடி தூவச் சொன்னார். முள்ளங்கிக் கீரையைத் தேங்காயோடு வதக்கச் சொன்னார். ஒருவரும் வரவில்லை.

"ஒண்ணு பத்தாது எழிலு. நாளைலேர்ந்து ரெண்டு பொரியல்."

"ரெண்டா?" எழில்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டம் வரணுமில்ல?"

"கூட்டம் இன்னாத்துக்கு சார்?" என்றான் செங்குட்டுவன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நாம மூணு பேரு ஷோக்கா துன்னுகினு கீறோம்ல."

தொழில் படுத்துப்போன மனுஷன் விரக்தியில் பேசுகிறான் என்று தவசிமுத்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் இரண்டு பொரியலுக்கும் காய் வாங்கி வந்தார்.

ஒருநாள் எழில்மொழி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் அவரைக்காய் வெந்துகொண்டிருந்தது. செங்குட்டுவன் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போட்டு துன்னு சார். காரம் பத்தலன்னா சொல்லு, நாளைக்கு சரி பண்ணிக்கிலாம்."

அன்று தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றை வாடிக்கையாளருக்காக இந்தப் பெண் எத்தனை நாள் அடுப்போடு மல்லுக்கட்டுவாள்? சீக்கிரமே மெஸ்ஸை மூடிவிடுவார்கள். மூடினால், "சாப்ட்டியா சார்" என்று தன்னைக் கேட்க இந்தத் தண்டையார்பேட்டையில் யார் இருக்கிறார்கள்? அறை, ரேடியோ, ஒரு பொட்டலம் இட்லி. அதற்கப்புறம் தினமும் அதுதான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போனார். அங்கே குமாஸ்தா மதார் சாகிப். மெஸ்ஸின் பத்து வருஷ வாடிக்கையாளர். அவர் சொன்னால் பத்து பேர் பின்னால் வருவார்கள்.

"அட, வா சார். ஒடம்பு தேறிக் கீற மாதிரி தெரியுது" என்றார் மதார் சாகிப்.

தவசிமுத்து உட்காரவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

"பாய், தப்பெல்லாம் என்னோடது. வாழைத்தண்டு, பீட்ரூட், பாகற்காய், எல்லாம் நான் சொன்னதுதான். அந்தப் பொண்ணு மேல கோவப்படாதீங்க. இனிமே பொரியல் விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன். நீங்க மனசு வெச்சு சவரிநாதன், மத்தவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு நாளைக்கு ஒரு வேளை வந்து உட்காருங்க. உங்க காலைப் புடிக்கணும்னாலும் புடிக்கறேன். மெஸ்ஸு மூடிடக் கூடாது பாய்."

மதார் சாகிப் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மெஸ்ஸு சார்? அந்தம்மாவுக்கு இடுப்பு முடியலன்னு நீ ஓசூர்ல இருக்கசொல்லவே எங்க அல்லாருக்கும் சொல்லி மூடிட்டாங்களே... ரெண்டு மாசமா நீ போய் குந்திகினு ரெண்டு பொரியல் கேக்கறது அவுங்க வூட்டு சாப்பாட்ல சார்!"