அஞ்சுநிமிஷம் சாரும் அடம்பிடித்த சர்வரும்

நூலகத்தின் மாற்று சர்வர் காலையில் இயக்கியதிலிருந்து ஒரு ஆளையும் உள்ளே விடவில்லை.

"அஞ்சே நிமிஷம் மேடம்," என்றார் கணினிப் பிரிவுக்காரர். எது கெட்டாலும் அவர் வாயில் வருவது அதுதான். அதனால் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் அஞ்சுநிமிஷம் சார்.

இயக்குநர் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குப் புது வாசிப்புக் கூடம் திறக்கிறோம். முதல் புத்தகத்தை நான்தான் தேடப் போறேன். திரையில 'பிறகு வரவும்'னு வந்துச்சோ, உங்க ஒரு வார லீவும் பிறகுதான்."

அங்கேதான் அஞ்சுநிமிஷம் சாருக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும், சட்டைப்பைப் பேனாவைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடியவர் அவர். நாளைக் காலை ரயில். பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். பார்க்கலாம், தொட முடியாது.

மாற்று சர்வரின் கதையும் அதேதான். புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் முதன்மை சர்வரில் பதிவாகும். அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவது மாற்று சர்வர். வாசகர்கள் அதில் தேடிப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. படிக்க மட்டும். அதுவோ, நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு படிக்க விடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது!

"லாக் பார்த்தீங்களா சார்?" என்றார் நூலகர் அம்மா. சர்வர் தன் நோய்நொடியெல்லாம் தானே எழுதிவைக்கும் குறிப்புக்குத்தான் அந்தப் பெயர்.

"அது நாப்பது பக்கம் புலம்பும்மா. எனக்கு முகத்தைப் பார்த்தாலே நோய் தெரியும்."

முகத்தைப் பார்த்தார். ஒருமுறை அணைத்துப் போட்டார். எழுந்து வந்த சர்வர், அதே 'பிறகு வரவும்' பாட்டையே பாடியது.

"பாரம் ஜாஸ்தி. ஒரே நேரத்துல எத்தனை பேர் வரலாம்ங்கிற எண்ணைக் குறைச்சா சரியாயிடும்."

குறைத்தார். அவ்வளவுதான், சர்வர் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. முதன்மை சர்வரில் இருக்கும் எண்ணைவிடக் குறைவாக வைத்தால் அதற்கு ஆகாதாம். இதுவரை வாசலில் நிறுத்திப் பேசிய ஆசாமி, இப்போது கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேவிட்டது. எண்ணைப் பழையபடி மாற்றி ஒருவழியாக எழுப்பினார். மறுபடியும் அதே பாட்டு.

போன் அடித்தது. மனைவி. "பெட்டி கட்டியாச்சு. லீவு உறுதிதானே?"

"என்ன கேள்வி கேக்கற? கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

மணி பத்தரை. "நகலே கோணலா இருக்கு. முழுசா அழிச்சிட்டுப் புதுசா எடுத்துடறேன்," என்று அறிவித்தார். நகல் எடுக்க ஆரம்பித்ததும் முதன்மை சர்வருக்கு மூச்சு வாங்கியது. புத்தகம் திருப்ப வந்தவர்களின் வரிசை மாடிப்படி வரை நீண்டது.

"சார், ஒரு புத்தகம் வாங்க நாலு நிமிஷம் ஆகுது!" என்று கத்தினார் நூலகர் அம்மா. நூலகத்தில் கத்தக்கூடாது என்று முப்பது வருஷமாக மற்றவர்களை அதட்டியவர்.

பதினொன்றே முக்காலுக்குப் புது நகல் பளபளவென்று எழுந்து உட்கார்ந்து, "பிறகு வரவும்" என்றது.

வேறு வழியில்லாமல் லாகைத் திறந்தார். நாற்பது பக்கம் இல்லை. ஒரே வரிதான் திரும்பத் திரும்ப: முதன்மை சர்வரில் ஒரு பெரிய வேலை முடியாமல் நிற்கிறது, அது முடியும்வரை கதவு திறக்க மாட்டேன். காலையிலிருந்து அந்தப் பாவம் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

முதன்மை சர்வரில் தேடினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணியிலிருந்து, அட்டவணை அறையின் மூலை மேஜைக் கணினி. யாரென்று பெயர் இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்.

"பாருங்க மேடம் அநியாயத்தை! எவனோ ஒருத்தன் ஆயிரக்கணக்கான பதிவைத் திருத்திட்டு, 'முடிஞ்சுது'ன்னு ஒரு பொத்தானை அமுக்காம வீட்டுக்குப் போயிருக்கான். மூணு நாளா அது தொங்குது!"

"சரி, முதல்ல கதவைத் திறங்க."

அந்த வேலையை இருந்த இடத்திலிருந்தே வெட்டிவிட்டார். மறுநொடி மாற்று சர்வர், ஒன்றுமே நடக்காததுபோல் 'வருக' என்றது. பன்னிரண்டு மணிக்கு மேடம் தேடிய புத்தகம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. கூடமே கைதட்டியது. அஞ்சுநிமிஷம் சாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"லீவு தாராளமா எடுத்துக்கங்க," என்றார் மேடம்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே!

"மேடம், இந்த மாதிரி ஆளை விடக்கூடாது. ஒரு சுற்றறிக்கை போடுங்க. செஞ்சவனுக்கு மூணு மாசம் லீவு கிடையாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், என்ன காரணம் சொன்னாலும், விதிவிலக்கு இல்லைன்னு போடுங்க. நானே எழுதித் தரேன்."

சட்டைப்பையைத் தடவினார். நூலகர் அம்மாவிடம் பேனா இரவல் வாங்கி, மளமளவென்று எழுதினார். மேடம் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அறிவிப்புப் பலகையில் குத்தியும் வைத்தார்.

துடைப்பத்தோடு வந்த துப்புரவு அம்மாவிடம் அஞ்சுநிமிஷம் சார் பெருமையாகச் சொன்னார்: "அட்டவணை ரூம்ல மூலை மேஜைக் கம்ப்யூட்டரை இனிமே அணைச்சிடலாம்மா."

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

"அப்பாடா! 'யாரும் தொடாதே'ன்னு சீட்டு எழுதி அதுல ஒட்டிட்டு, பேத்தி பொறந்திருக்கான்னு இதைப் போட்டுட்டு ஓடினீங்களே சார், அன்னிலேருந்து நான் அதுமேல தூசிகூடத் தட்டலை!"