கொல்லைப்புறத்து இயற்கைக் காடு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காளும் நலம், கிணறு மட்டும் நலமில்லை. அங்கு நீயும், நீ குமாஸ்தாவாக இருக்கும் வெளிநாட்டு மரக் கம்பெனியும், அதன் மேலதிகாரிகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நிற்க. உன் கம்பெனி எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மலையை மொட்டையடித்துத் தைலமரம் நட்டபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் "என் தம்பி சோத்துல மண்ணள்ளிப் போடாதீங்க" என்று உன் அக்காள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். மூன்றாம் வருஷம் கிணறு வற்றியபோதும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அதே பஸ்ஸில் இரண்டு குடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய் வருகிறேன். போகட்டும்.

போன மாதம் தலையில் உன் கம்பெனித் தொப்பி மாட்டிய இரண்டு பேர் வந்து, நம் கொல்லைப்புறத்து மாமரத்தில் 'இயற்கைக் காடு, அனுமதியின்றி நுழையாதீர்' என்று பலகை அடித்தார்கள். விசாரித்தால், கொஞ்சமாவது இயற்கைக் காட்டை விட்டுவைத்தால்தான் பசுமைக் கம்பெனி என்று வெளிநாட்டில் சான்றிதழ் கொடுப்பார்களாம், மலையை முழுக்க வெட்டி முடித்த பிறகுதான் யாரோ அந்தக் காகிதத்தைப் படித்திருக்கிறார்கள், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அதில் போடவில்லையாம், தேடிப் பார்த்ததில் மிச்சம் இருந்தது நம் மரம் ஒன்றுதானாம், அவர்கள் வரைபடத்தில் நம் கொல்லை கம்பெனி எல்லைக்குள் வருகிறதாம். அது நான் தின்றுவிட்டு எறிந்த கொட்டையப்பா என்றேன். "நீங்க நடலயே சார், தானாதானே முளைச்சுது? அப்ப இயற்கைதான்" என்கிறான் காவலாளி.

ஆமாம், காவலாளி ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். குளியலறை மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா, அதனால் குளிக்கவோ கைகால் கழுவவோ போகும்போதெல்லாம் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். காட்டுக்குள் நுழையும் காரணம் என்று ஒரு கட்டம். என்னப்பா எழுத என்று துண்டும் தோளுமாகக் கேட்டால், "ஆராய்ச்சின்னு போட்டுட்டுப் போங்க சார், எதுக்கு வம்பு" என்கிறான். இந்த வாரம் மட்டும் ஒன்பது ஆராய்ச்சி செய்திருக்கிறேன். கம்பெனி விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்து மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினாள். பிறகு உன் அக்காளை, காட்டை நம்பி வாழும் பெண்மணி என்று படம் எடுத்துக்கொண்டாள். அதற்காக உன் அக்காள் உள்ளே ஓடிப் புடவை மாற்றிக்கொண்டு வந்ததையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிரிக்காதே. எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது. மரத்துக்குக் காவல் போட்ட உன் கம்பெனி, இந்தத் தெருவில் நாற்பது வீட்டுக் கிணறும் வற்றிக் கிடக்கிறதே, என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதா? நாளைக்கே உன் மேலதிகாரியைப் பார்த்து அந்தப் பலகையைக் கழற்றச் சொல். இல்லாவிட்டால் கோடாலியை எடுத்து மரத்தை நானே வெட்டிப் போட்டுவிடுவேன். உன் வேலை போனால் போகட்டும், வீட்டோடு வந்து இரு, குடம் தூக்க ஆள் வேண்டும்.

உன் மனைவிக்கு எங்கள் ஆசிகள், குழந்தைகளுக்கு முத்தங்கள், கம்பெனிக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. சான்றிதழ் கொடுக்க ஆள் வரும்வரை மரம் வாடக் கூடாதாம், இனி தினமும் ஒரு லாரி வருமாம். நல்ல தண்ணீர், குடித்துப் பார்த்தேன். மனுஷருக்குக் கொடுக்க உத்தரவில்லை, மரத்தடியில் கொட்டத்தான் உத்தரவு. மரத்தடியில் குடம் இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்று காவலாளிதான் கண்டுபிடித்துச் சொன்னான், தங்கமான பையன். தெருவே வந்து நிற்கிறது. ஆகவே மேலே எழுதியதை யாரிடமும் காட்டாதே. மேலதிகாரியை எப்படியும் பார்க்கப்போகிறாய் என்றால், தெருக்கோடியில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது, அதையும் காடு என்று எழுதிக்கொள்ளச் சொல். அந்தப் பக்கத்து வயசானவர்களால் குடத்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை.