நண்டு சலூன் வரட்டும்

வந்ததை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் உண்டு. போனதை நினைத்து வாழ்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், இன்னும் வராத ஒன்றை வைத்துக்கொண்டே மூன்று வேளையும் வயிறு நிறைந்து ஏப்பம் விடுகிற ஒரு கூட்டம் நம் நடுவே உண்டு. அவர்களைத்தான் இன்று உங்களுக்குக் காட்டப்போகிறேன். நான் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் வரட்டும்காரர்கள்.

பெயருக்குக் காரணம் அவர்களுடைய வாய்ச்சொல். கல்முனைக்குப் புது பஸ் ஒன்று விட்டிருக்கிறார்கள், சொகுசாக இருக்கிறது என்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "இதெல்லாம் ஒரு பஸ்ஸா? அடுத்த மாசம் ஒண்டு வரப்போகுது. வரட்டும், அப்ப தெரியும்" என்பார்கள். நீங்கள் சந்தையில் நல்ல பாரைமீன் வாங்கிக்கொண்டு போனால், நாளைக்கு வரப்போகிற மீனின் அழகைச் சொல்லி உங்கள் மீனை நாறவைப்பார்கள். வராத பொருளின் நிறம், நிறை, நீளம், அதில் இருக்கப்போகிற ஒரேயொரு குறை வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? "ஆள் இரிக்கி" என்பார்கள். அந்த ஆள் கொழும்பில் இருப்பார், இல்லாவிட்டால் கட்டாரில் இருப்பார். எங்கள் ஊரான சாய்ந்தமருதில் மட்டும் ஒருநாளும் இருக்கமாட்டார்.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துக் காட்டுகிறேன். பெயர் ஷிப்லி. வயது முப்பத்துநான்கு, கந்தோரில் கிளார்க், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. தலையில் கொஞ்சம் நரை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. இவர் காத்திருந்தது ஒரு டீவி கேமுக்கு. டீவி கேம் என்றதும் அரைக்காற்சட்டைப் பொடியன்களை நினைத்துக்கொள்கிறீர்கள். பொடியன்கள் பாவம், பள்ளிக்கூடம் விட்டு வந்து அரைமணி நேரம் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீராசாஹிபின் டீவி கேம் கடையிலிருந்த நீளப்பலகையில், எங்கள் பேச்சில் வாங்கில், மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருந்தது மீசை வைத்த பதினொரு பேர். அவர்களுக்குத் தலைவர் ஷிப்லி.

நாம் கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்ற வருடம் அது. மீராசாஹிபு நிந்தவூர்க்காரர், சாய்ந்தமருதில் பெண்ணெடுத்து இங்கேயே கடை போட்டவர். நிந்தவூரிலிருக்கும் அவருடைய தங்கை முனவ்வறாவின் புருஷனுக்குக் கட்டாரில் வேலை. அந்த மச்சான் ஒரு கடிதத்துக்குள் ஜப்பான் புத்தகம் ஒன்றிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தையும் வைத்து அனுப்பியிருந்தார். புதிதாக வரப்போகிற கேமின் விளம்பரம். வெள்ளைக் கோட்டுப் போட்ட சிவப்பு நண்டு ஒன்று, ஒரு கையில் சீப்போடு, தலைமுடி வெட்டக் காத்து நிற்கிறது. கதிரையில் முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு ஒரு மனிதன், கண்ணை இறுக மூடியிருக்கிறான். அவ்வளவுதான். எழுத்து ஒன்றும் விளங்காததால் கடை வாங்கிலிருந்தவர்களே அதற்கு 'நண்டு சலூன்' என்று பெயர் வைத்தார்கள். கேமின் கசட் வெளியானதும் வாங்கி வருவதாக மச்சான் எழுதியிருந்தார்.

அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஷிப்லி எட்டு மாதம் பேசினார். நண்டுக்கு முன்னே நடக்கத் தெரியாது, பக்கவாட்டில்தான் போகும், அதனால் இந்தக் கேமில் நேராகப் போகும் பட்டனே கிடையாது என்றார். ஜப்பானில் இதைப் பார்த்தவர்கள் கந்தோருக்குப் போவதை விட்டுவிட்டார்கள் என்றார். படத்தின் மூலையில் மண்ணிறமாக ஏதோ ஒன்று தெரிந்தது. அது தேங்காய்த்தும்பு மூட்டை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஷிப்லி விரலை வைத்துச் சொன்னார்:

"கரடிடா அது. மூணாவது ஸ்டேஜ்ல வரும். ஒடம்பு முழுக்க முடி. நண்டு எங்கயிரிந்து வெட்டத் தொடங்கும் எண்டு யோசிச்சிப் பாருங்களன்!"

யோசித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் விளையாடவில்லை. பழைய கசட்டைப் போட்டு வைத்துக்கொண்டு, மாலை வரைக்கும் கரடியைப் பற்றியே கதைத்தார்கள்.

இந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் வரட்டும்காரர் வெறுமனே காத்திருக்கமாட்டார். காத்திருப்பது ஊருக்குத் தெரியவேண்டும். ஒருநாள் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஷிப்லி ஒரு தீர்மானம் எழுதினார்: 'மீராசாஹிபு கடையில் நண்டானது ஒரு தலையைப் பழுதில்லாமல் வெட்டி முடிக்கும்வரை, கீழே கையொப்பமிட்ட நாங்கள் எங்கள் தலையை வெட்டமாட்டோம்.' பதினொரு பேரும் கையொப்பமிட்டார்கள். அந்தப் பதினொன்றில் ஒருவனான, காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து விளையாடும் சுதனும் போட்டான். தாள் சுவரில் ஏறியது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்கவேண்டாம்.

நான்கு மாதம் கழிந்தது. முடி காதை மூடியது, பிறகு பிடரியில் இறங்கிச் சட்டைக் கொலரைத் தொட்டது. தெருவில் போகிறவரின் கொலரைப் பார்த்தே இவர் தீர்மானத்துக்காரர் என்று ஊர் கண்டுபிடித்தது. கந்தோரில் ஷிப்லியின் மேலதிகாரி வெட்டச் சொன்னபோது, "சேர், கொஞ்சம் பொறுங்க, நண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஷிப்லியிடம் வேலை சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

கேம் கடைக்கு நேரெதிரே ஸைனுலாப்தீன் காக்காவின் சலூன்; காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். உண்மையான சலூன், மனிதன் வெட்டுகிற சலூன். பதினொரு தலைகள் கண்ணெதிரே காடாக வளர்ந்து நிற்க, அவர் வெறுங்கதிரையைத் துண்டால் தட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா வெட்டுறன், எனக்கு ஒருத்தனும் இப்பிடிக் காத்திருக்கல்ல. கேவலம் ஒரு நண்டுக்கு!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இல்லையா?

அந்த நேரத்தில்தான் ஷிப்லியின் மனைவி ஸம்ஸியாவின் தங்கை ஷாஹினாவுக்குக் கல்யாணம் ஒப்பேறியது. வியாழக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வருகிறார். வாசலில் நின்று மாப்பிள்ளையைக் கைபிடித்து உள்ளே கூட்டிவர வேண்டியவர் வீட்டின் மூத்த மருமகன், அதாவது ஷிப்லி. ஸம்ஸியா தையல் தைக்கிறவள், வார்த்தையையும் அளந்துதான் வெட்டுவாள்.

"இஞ்ச பாருங்க. இந்தத் தலையோட வாசல்ல நிண்டீங்க எண்டா, மாப்பிள வீட்டார் உங்களப் பொம்புள எண்டு நெனச்சி உள்ள போகச் சொல்லிருவாங்க. வெட்டினா வாங்க. வெட்டாட்டி உங்கட நண்டுக்கிட்டயே இரிங்க. நான் சின்ன மாமாவக் கைபுடிக்கச் சொல்றன்."

ஷிப்லி கணக்குப் போட்டார். வாசலில் நிற்காவிட்டால் மாமியார் வீட்டில் இனி அவர் வெறும் கிளார்க். வெட்டினாலோ, தான் எழுதிய தீர்மானத்தைத் தானே மீறியவர் என்று வாங்கிலிருக்கும் பத்துப் பேரும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். வரட்டும்காரருக்கு மனைவியைவிட வாங்கு கொஞ்சம் பெரிது. கொஞ்சம்தான்.

புதன்கிழமை காலை, நிந்தவூரில் நண்டு கண்டாயிற்று என்று செய்தி வந்தது. மச்சான் கட்டாரிலிருந்து வந்து இறங்கிவிட்டாராம். உடனே வாங்கில் விவாதம் கிளம்பியது. நம் ஊர்களில் பெருநாள் பிறைக்கு நடக்கிற விசாரணை உங்களுக்குத் தெரிந்ததுதானே? ஓரூரில் கண்டது இன்னோரூருக்குச் செல்லுமா, கண்ட ஆள் யார், கண்ணால் கண்டாரா, சொல்லக் கேட்டாரா என்று அத்தனையும் நண்டுக்கும் நடந்தது. நிந்தவூரில் கண்டாலே போதும், வெட்டலாம் என்று ஷிப்லி மட்டும் இப்போது இளகிய கட்சியில் நின்றார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நிந்தவூருக்குப் போய்வந்த சுதனைச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

"என்ட கண்ணால கண்ட நான்" என்றான் சுதன். "முனவ்வறா ராத்தாட ஊட்டு அலுமாரிக்கு மேல இரிக்கி."

"என்னத்தக் கண்டாய்?" என்று கேட்டார் மீராசாஹிபு.

"பெட்டிய."

"பெட்டியத்தான் கண்டாய். நண்டக் கண்டயா?"

சுதன் தலையைச் சொறிந்தான். சொறிய அவனிடம் நிறைய இருந்தது. சாட்சி செல்லாது என்று முடிவாயிற்று. தீர்மானத்தில் 'மீராசாஹிபு கடையில்' என்று எழுதியது யார்? ஷிப்லிதான்.

வியாழன் பின்னேரம் நான்கு மணிக்கு மச்சானே பெட்டியோடு வந்து இறங்கினார். அந்த வருடம் மழை பொய்த்து, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. எங்கள் பக்கத்துக்கு ஐந்து மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வரும். ஆக, நண்டுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கசட்டைச் செருகினார்கள். டீவியில் பாட்டு வந்தது. வெள்ளைக் கோட்டோடு நண்டு வந்து குனிந்து ஸலாம் சொல்வதுபோல ஒன்று செய்தது. பதினொரு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஷிப்லியின் கண் கலங்கியதை நான் கண்டேன், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

முதல் கை ஷிப்லிக்கு. கதிரையில் ஆள் வந்து உட்கார்ந்தான். ஷிப்லி பட்டனை அமர்த்தினார். நண்டு பாய்ந்தது. ஆளின் காது கழன்று விழுந்து, கால் முளைத்து, அழுதுகொண்டே கதவைத் திறந்து வெளியே போய்விட்டது. மறுபடி அமர்த்தினார். மற்றக் காதும் போனது. மூன்றாவது காதும் போனதும் ஆட்டம் முடிந்தது. மனிதனுக்கு இரண்டு காதுதானே என்று என்னிடம் கேட்காதீர்கள், ஜப்பான்காரனிடம் கேளுங்கள். எட்டு மாதக் காத்திருப்பு நாற்பது விநாடியில் தீர்ந்தது.

அடுத்தவர் வந்தார். காது. அதற்கடுத்தவர். காது. சுதன் ஒரே அடியில் இரண்டையும் வீழ்த்தினான். நாலரை மணியானது, நாலே முக்கால் ஆனது. பழுதில்லாமல் ஒரு தலை வெட்ட ஒருவராலும் முடியவில்லை. ஷிப்லி சுவரிலிருந்த தீர்மானத்தையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. ஸைனுலாப்தீன் காக்கா. நான்கு மாதமாகத் தன் கதிரையைக் காலியாக்கிய அந்த நண்டின் முகத்தை ஒருதரம் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தார். டீவியைப் பார்த்தார். ஒரு காது அழுதுகொண்டே வெளியேறியது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"அடப்பாவிகளா! ஆரு இப்பிடி வெட்டுற? கதிரையச் சுத்தி வரணும்டா. மொதல்ல பின்னுக்கு எடுக்கணும். காதுக்கிட்ட வந்தா கைய நிப்பாட்டணும். தாங்க இஞ்ச!"

பட்டன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வாழ்நாளில் கேமைத் தொட்டறியாதவர். நண்டு ஆறுதலாக, அவசரமில்லாமல், பக்கவாட்டில், கதிரையைச் சுற்றி வந்தது. முப்பது வருடமாக அவரும் அப்படித்தான் கதிரையைச் சுற்றிவந்தார், நாங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிடரி எடுத்தது, காதருகே நின்றது, மெல்லக் கடந்தது. ஆள் எழுந்து கண்ணாடியைப் பார்த்துக் கைதட்டினான். முதல் தலை!

கடை ஆரவாரத்தில் அதிர்ந்தது. ஷிப்லி தீர்மானத்தைச் சுவரிலிருந்து கிழித்தெறிந்தார். "காக்கா, எழும்புங்க! வாங்க சலூனுக்கு. மஃரிபுக்கு மாப்பிள வாறாரு!"

"பொறு" என்றார் காக்கா, திரும்பிப் பாராமல். இரண்டாவது ஸ்டேஜ் தொடங்கியிருந்தது. சுருட்டைமுடிக்காரி ஒருத்தி. அவளையும் முடித்தார். திரை கறுத்தது, பாட்டு மாறியது, மூன்றாவது ஸ்டேஜின் கதவு மெல்லத் திறந்தது. கதவுக்குப் பின்னால் மண்ணிறமாக ஏதோ ஒன்று அசைந்தது.

கரண்ட் போய்விட்டது.

"காக்கா, இப்பயாவது வாங்க" என்று ஷிப்லி கெஞ்சினார்.

ஸைனுலாப்தீன் காக்கா இருட்டுத் திரையைப் பார்த்தபடியே இருந்தார். சலூன் சாவி அவர் மடியில் கிடந்தது. "கரண்ட் வரட்டும் தம்பி" என்றார். "அது கரடிதானா எண்டு பாத்துட்டு வாறன்."

ஷிப்லி ஓடினார். வீட்டு முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு ஸம்ஸியாவின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அவள் தையல் கத்தரிக்கோலை எடுத்தாள். நான்கு மாதக் கோபம் முழுவதும் அவள் கையில் இருந்தது. ஷாஹினாவின் கல்யாணப் பட அல்பத்தில் இப்போதும் பார்க்கலாம்: பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார் மூத்த மருமகன். இடது காதில் பிளாஸ்டர்.

மாப்பிள்ளை காதைப் பார்த்து என்ன நடந்தது என்று விசாரித்தாராம். "இது ஒண்டுமில்ல மச்சான்" என்றாராம் ஷிப்லி. "ரெண்டாம் பாகம் வரப்போகுது. அதுல காது உழுந்தா ஒட்டலாமாம். ஆள் இரிக்கி, சொன்னான்."

சரி, அது கரடிதானா என்று கேட்கிறீர்கள்.

அதை நான் சொல்லப்போவதில்லை. ஷாஹினாவின் கல்யாணம் நல்லபடி முடிந்ததா, அந்தக் காது ஆறியதா, மற்றப் பத்துத் தலைகளையும் யார் வெட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? மூலையிலிருந்த மண்ணிறத்தைச் சொன்ன நேரத்திலிருந்து, ஒரு மனிதனின் குடும்ப மானத்தையே ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, 'அதெல்லாம் கிடக்கட்டும், கரடி வரட்டும்' என்றுதானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? ஒருதரம் பிடரியைத் தடவிப் பாருங்கள். முடி கொலரைத் தொடுகிறதா?

எனக்குத் தொடுகிறது. பதினொரு கையொப்பத்தில் ஒன்று என்னுடையது. உங்களுக்கு?