அடிவயிற்றுப் புறம்போக்கு

மலேசியாவில், கோலா கெத்தில் ஊரைச் சேர்ந்த ரூபினியின் கருப்பைக்குள் மட்டுமே குடியிருக்க அனுமதி பெற்ற சில திசுக்கள், மாதவிலக்கு வெள்ளத்தில் பின்னோக்கி ஒதுங்கி, சூலகத்தின் ஓரம் குடிசை போட்டன. அத்துமீறல்தான். அகற்றும் அதிகாரம் நோயெதிர்ப்பு இலாகாவுக்கு. அழுக்கையும் கிருமியையும் விழுங்கும் பெரிய விழுங்கி உயிரணு அதன் அதிகாரி. கொல்லி உயிரணு அவருடைய கையாள்.

"அண்ணே, ஒரே அடி. முடிச்சிடுறேன்" என்றது கொல்லி.

"பொறு தம்பி. நோட்டீஸ் கொடுக்காம உடைக்க முடியாதுலா. நோட்டீஸுக்கு முகவரி வேணும்."

"புறம்போக்குக்கு ஏதுண்ணே முகவரி?"

"தண்ணி பில், கரண்டு பில் இருந்தா கொடுக்கலாம்."

"அதெல்லாம் அங்க இல்லையே!"

"அப்ப முதல்ல அதைப் போடு."

சட்டம் வழுவாத அந்த அதிகாரி, தமது நேரடி மேற்பார்வையில் புதிய இரத்தக் குழாய்களை இழுத்துக் கொடுத்தார். அடுத்து நரம்புக் கம்பி. குடிசைகள் குடித்துக் கொழுத்து மாடி எழுப்பின. கம்பி இணைக்கப்பட்ட அன்று, சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் ரூபினி இயந்திரத்தருகே மடங்கி விழுந்தாள்.

"அண்ணே, அந்தப் புள்ள துடிக்குது!"

"நல்லது. கம்பி வேலை செய்யுது."

"இப்பதான் முகவரி வந்தாச்சே, உடைக்கலாமா?"

"முகவரி உள்ள வீட்டை எப்படிடா உடைப்ப? பொதுமக்கள் ஆட்சேபம் வேணும். மேல என்ன சொல்றாங்கன்னு கேளு."

மேலே, பெரிய மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு ரூபினி கிளினிக்கில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மாசா மாசம் வர்றதுதானே? நார்மல்லா" என்று தாதி குணவதி மாத்திரையை நீட்டினார்.

"எங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்க, யாரும் விழலையே!" என்றார் தொலைபேசியில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் திவாகரன்.

"கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்றார் அம்மா அழகம்மா.

"நிக்கவே முடியலம்மா. மாப்பிள்ளையக் குனிஞ்சு தாலி கட்டச் சொல்லு."

கடிதம் கிடைக்கவில்லை.

கீழே, விசாரணை இனிதே முடிந்தது. பொறுப்புள்ள மூவர் ஒருமனதாக ஆட்சேபம் இல்லை என்று தெரிவித்துவிட்டதால், குடிசைகளுக்கு நிரந்தரப் பட்டா வழங்கப்பட்டது.

கொல்லிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?"

பெரிய விழுங்கி முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அது நிலம், தம்பி. நிலத்துகிட்ட யாருடா கையெழுத்து வாங்குவாங்க?"